முகூர்த்தத்துக்குக் குறுக்கே ஒரு குட்டி

பாதி வழியில் படகின் எஞ்சினை நிறுத்திவிட்டாள் பேர்ணடெட்.

படகில் ஒரு கல்யாண வீடே இருந்தது. மணப்பெண் மஹதி, மாப்பிள்ளை விக்னேஷ், தாலித் தட்டும் தேங்காய்ப் பைகளுமாக நாற்பது பேர். தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கார்த்திகை ஞாயிறு. ஆக்லாந்திலிருந்து வைஹேகே தீவுக்குப் போகிறார்கள். அங்கே விக்னேஷின் முதலாளிக்குத் திராட்சைத் தோட்டம். புல்வெளியில் மணமேடை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். சமையல்காரர்கள் முதல் நாளே போய்விட்டார்கள். மஹதியின் ஜடையில் பூத் தைத்து முடிப்பதற்குள் இவர்கள் கிளம்பத் தாமதமாகிவிட்டது. பன்னிரண்டு அடித்தால் எமகண்டம். அதற்குள் தாலி ஏற வேண்டும்.

பெண்ணின் அப்பா சதாசிவம் எழுந்து வந்தார். படகு ஓட்டுவது ஒரு பெண் என்று தெரிந்ததிலிருந்தே ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தவர். இங்கே எந்த இடத்தில் சிவப்பு சிக்னல் விழுந்தது, எனக்குத் தெரியவில்லையே என்று கேட்டார்.

பேர்ணடெட் கையை நீட்டிக் காட்டினாள். ஆளுயரத்துக்குக் கறுப்பு முதுகுத் துடுப்புகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின, முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. ஓர்காத் திமிங்கிலங்கள். திருக்கை பிடிக்க ஆழம் குறைந்த இடத்துக்கு வந்திருக்கின்றன, அதுகள் போகும்வரை எஞ்சின் போடமாட்டேன் என்றாள். அவள் மன்னார்க்காரி. அப்பாவின் படகில் வளர்ந்து, இங்கே வந்து லைசன்ஸ் எடுத்தவள். இத்தனை பெரிய உருப்படிக்கு ஒதுங்கிக்கொள்ளத் தெரியாதா என்றார் சதாசிவம். பெரிசுகளுக்குத் தெரியும், கூட ஒரு குட்டி நிற்குது, அதுக்குத் தெரியாது என்றாள் அவள்.

மஹதியின் அம்மா சாந்தகுமாரி கணவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். மஹதிக்கு மூன்று வரன்கள் ஜாதகத்தில் தட்டிப்போயிருந்தன. நாலாவது ஜாதகம் பொருந்தி, நாள் பொருந்திக் கிடைத்த கார்த்திகையின் கடைசி முகூர்த்தம் இது.

"ஏம்மா, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். மெதுவா ஓரமா ஓட்டிடேன். நேரம் தப்பிப்போச்சுன்னா, எம் பொண்ணு வாழ்க்கைல எது நடந்தாலும் நான் இந்த நாளைத்தான் நெனச்சுக்கிட்டிருப்பேன்."

"விளங்குது அக்கா. குட்டி இப்பதான் பிறந்தது. கனநேரம் தாழ ஏலாது, மேலயேதான் நிற்கும். எந்தப் பக்கம் திரும்பும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. எங்கட ஊர்க் கடல்ல கடல்பன்றி எண்டு ஒண்டு, புல்லுத் தின்னுற பாவம். அதுகளின்ர முதுகு முழுக்க போட் எஞ்சின்ர விசிறி வெட்டின கோடு. ஒருத்தரும் வேணுமெண்டு வெட்டேல்ல அக்கா. எல்லாரும் அவசரமாப் போனவங்கள்தான்."

சாந்தகுமாரி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது படகை ஒட்டியே தாய் எழுந்தது. அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு குட்டி. தாய்க்குக் கண்ணருகே வெள்ளையாக இருந்த திட்டு குட்டிக்கு மஞ்சளாக இருந்தது, நலங்கு வைத்த மஞ்சளைக் கழுவாமல் விட்ட மாதிரி. பிறந்த புதுசில் அப்படித்தான், போகப்போக வெளுக்கும் என்றாள் பேர்ணடெட். சாந்தகுமாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு வெள்ளை லாஞ்ச் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. பேர்ணடெட் ரேடியோவில் கூப்பிட்டாள், பதிலில்லை. ஹாரனை அழுத்தினாள். லாஞ்சில் இருந்தவர்கள் பட்டுப்புடவைகளையும் மாலைகளையும் பார்த்தார்கள். கல்யாணக் குஷி என்று நினைத்து அவர்களும் ஹாரன் அடித்தார்கள். இங்கே எல்லோரும் எழுந்து வேண்டாம் வேண்டாம் என்று துண்டை வீச, அங்கே தொப்பியை வீசினார்கள். வேகம் குறையவில்லை.

சாந்தகுமாரி திரும்பினாள்.

"யாரும் கையாட்டாதீங்க. சிரிக்காதீங்க. எல்லாரும் இந்தப் பக்கமா நின்னு, உள்ளங்கையக் காட்டி நில்லுன்னு சொல்லுங்க. மூஞ்சிய இழவு வீடு மாதிரி வைங்க."

மகள் கல்யாணத்தன்று அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு விக்னேஷின் அத்தைமார் அதிர்ந்துபோனார்கள். அந்த அதிர்ச்சியும் முகத்துக்கு உதவியது. மணமாலையோடு மஹதி, பரிவட்டத்தோடு மாப்பிள்ளை, நாற்பது பேரும் ஒரே வரிசையில், கையை முன்னால் நீட்டி, ஒருத்தர் முகத்திலும் ஈயாடாமல் நின்றார்கள். அப்படி ஒரு கல்யாணக் கும்பலை லாஞ்ச்காரர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். மூக்கு சட்டென்று இறங்கியது. எஞ்சின் அடங்கியது. நின்ற லாஞ்சுக்கும் இவர்கள் படகுக்கும் நடுவே குட்டி மெல்ல எழுந்து, மஞ்சளைக் காட்டி, முங்கியது.

பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

இங்கேயே தாலி கட்டிவிடலாம் என்றாள் சாந்தகுமாரி. வார நாளில் கணக்குப் பார்க்கிறவரும் ஞாயிற்றுக்கிழமை புரோகிதருமான பாஸ்கரன், அக்னி சாட்சி வேண்டுமே என்று இழுத்தார். படகில் டீசல் இருக்குது, நெருப்புப் பற்றவைக்க விடமாட்டேன் என்றாள் பேர்ணடெட். தலைக்கு மேலே சூரியன் இருக்கிறார், இப்போதைக்கு அவர் போதும், ஹோமத்தைத் தீவில் வைத்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டாள் சாந்தகுமாரி.

பாஸ்கரன் கையை உயர்த்தி, கெட்டிமேளம் என்றார். மேளக் கேசட் தீவில் சமையல்காரர்களோடு இருந்தது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. விக்னேஷ் முதல் முடிச்சுப் போட்ட நொடியில் படகின் பக்கத்தில் 'ஃபூ' என்று பெரிதாக ஒரு சத்தம். அத்தைமாரில் ஒருத்தி, தும்மல் என்று முனகினாள். விக்னேஷின் விரல்கள் அப்படியே நின்றன.

"தும்மல் இல்ல. பிள்ள பெத்தவ மூச்சு விடறா," என்றாள் சாந்தகுமாரி. "நீங்க முடிச்சப் போடுங்க மாப்பிள்ள."

அட்சதை விழுந்தது. பாதி கடலில். லாஞ்சிலிருந்து கை தட்டினார்கள். இந்த முறை இவர்களும் சிரித்தார்கள்.

ஓர்காக்கள் விலகிப் போனபின் பேர்ணடெட் எஞ்சினைப் போட்டு நடைவேகத்தில் நகர்த்தினாள். இனி அவசரம் இல்லை. சதாசிவம் அவள் பக்கத்தில் போய் நின்று, அந்த ரேடியோவைக் கொஞ்சம் கொடம்மா என்று வாங்கிக்கொண்டார். எதிரே வந்த ஒவ்வொரு படகையும் கூப்பிட்டு, முன்னால் ஒரு தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள், மெதுவாகப் போங்கள் என்று தன் ஆபீஸ் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார்.

யார் பேசுவது என்று ஒரு படகிலிருந்து கேட்டார்கள்.

பெண் வீட்டுக்காரர் என்றார் சதாசிவம்.