மருந்தென்று வந்த நெய்

இது கிளினிக் நெய் இல்லை. மேவிஸ் காய்ச்சியது.

கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்ததுமே லவீனாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. கிளினிக்கில் கொடுத்தது என்று ஜாடியைக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்திருந்த ஷார்லின், தங்கை மேவிஸின் மகள், கழுத்தில் கிளினிக் அட்டை தொங்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிர்கால முடிவில் நாஸ் ஆற்றில் ஏறிவரும் ஊலிகன் என்ற கொழுத்த சிறுமீனைத்தான் எல்லாக் குடும்பமும் இந்த நெய்க்காகப் பிடிக்கிறது. எவ்வளவு புளிக்கவிட்டுக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சுவது என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறும். மேவிஸுக்குப் பொறுமை கிடையாது. அவள் நெய் வெளுப்பாக, காரமில்லாமல் இருக்கும்.

"எப்படி இருக்கு பெரியம்மா?"

"நெய் மாதிரி இருக்கு."

"குசும்பு! தினம் ஒரு கரண்டி. உருளைக்கிழங்குல போட்டுக்கோங்க, காஞ்ச மீனைத் தொட்டுக்கோங்க. வைட்டமின் ஏ, நல்ல கொழுப்பு எல்லாம் இதுல இருக்கு. கடையில விக்கிற எந்த எண்ணெயும் கிட்ட நிக்காது. எவ்வளவு இளைச்சிட்டீங்க! இடுப்புல கயிறு கட்டிருக்கீங்க."

"பெல்ட் அது."

"கயிறு."

லவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மேஜையில் இன்னொருவர் குரல் கேட்டு எவ்வளவு காலமாயிற்று?

போன வருஷம் ஆற்றங்கரை முகாமில், எல்லார் முன்னாலும் அவள்தான் முதலில் வாயைவிட்டாள். "இன்னும் புளிக்கவே இல்ல, அதுக்குள்ள அடுப்ப மூட்டிட்டா. தண்ணிதான் வரும்." பிறகு ஜாடிகளைப் பங்கு வைக்கும்போது மேவிஸ், "ஆளில்லாத வீட்டுக்கு உனக்கு எத்தனை ஜாடி வேணும்?" என்றாள். யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள்.

லவீனாவுக்குப் பிள்ளை இல்லை. கணவனும் போய்விட்டான். அந்த ஜாடிகளில் முக்கால்வாசியை அவள் பிறருக்குத்தான் கொடுப்பாள். நெய் இருக்கிற வீட்டுக்கு யாராவது வருவார்கள். ஒரு கிண்ணத்தை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவார்கள். இந்த வருஷம் அவள் முகாமுக்குப் போகவில்லை. கேட்டு வாங்குகிற பொருளில்லை அது. யாரும் கொண்டுவரவும் இல்லை. உருளைக்கிழங்கை வேகவைப்பாள், தட்டின் முன் உட்காருவாள், இரண்டு வாய் தின்று எழுந்துவிடுவாள். பசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யாரோ வந்த பிறகு சாப்பிடலாம் என்பதுபோல் உடம்பு காத்துக்கொண்டிருந்தது.

இப்போது அதே உடம்பு இன்னொரு கரண்டி கேட்டது. அதன் வெட்கங்கெட்ட ஆசை அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"எங்கேர்ந்து வந்துச்சு இது?"

"கிளினிக்ல பெரியவங்களுக்குக் குடுக்கறோம்."

"ஷார்லின்."

ஷார்லின் தேநீர்க் கோப்பையைச் சுற்றினாள். "அம்மாதான். சொல்லக் கூடாதுன்னாங்க. மருந்துன்னு சொல்லிக் குடு, அப்பத்தான் அவ தின்பான்னாங்க."

"நாலு வீடு தள்ளி இருக்கா. நடக்க முடியலையாமா?"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னைப் போடாதீங்க. அவங்களும் ராத்திரில சரியாத் தூங்கறதில்ல. தூங்காட்டாலும் வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க. ரெண்டும் ஒரே ஜாதி."

மேவிஸ் தூங்குவதில்லை என்பது லவீனாவுக்குள் எங்கோ போய் உட்கார்ந்தது. எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டலாம். தட்டினால், ஜாடிக்காக வந்தாள் என்றாகிவிடும்.

"யார் குடுத்தா என்ன பெரியம்மா? சத்து ஒண்ணுதான? அடுத்த வாரம் எடை பாக்கணும். தினம் சாப்பிடறேன்னு மட்டும் சொல்லுங்க. நான் அம்மாகிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்."

லவீனா ஜாடியின் விளிம்பைத் துணியால் துடைத்தாள். மூடியைத் திருகி, மேஜையின் மறுபக்கம் தள்ளி வைத்தாள்.

"டீயக் குடிச்சிட்டு, போறப்ப எடுத்துட்டுப் போம்மா."