டாக்னி ஹோல்மின் கொடியும் மறையாத சூரியனும்

1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐந்தாம் நாள், அரசியலமைப்பு நாளன்று, கோபன்ஹேகனின் தென்புறத்திலுள்ள ஆளுக்கொரு மனையில் தோட்டமும் மரவீடும் வைத்திருந்த ‘அந்தியமைதி’ தோட்டச் சங்கத்தில், டாக்னி ஹோல்மின் மனையில் மட்டும் சூரியன் மறையவில்லை. மற்ற மனைகளில் வழக்கமான வேளையில் பொழுது சாய்ந்தது. தவளைகள் கத்தத் தொடங்கின. ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. டாக்னியின் மனையில் மட்டும் வடமேற்கு வேலிக்கு ஒரு சாண் உயரத்தில் சூரியன் அப்படியே நின்றது. அந்த வெயில் வேலிவரை வந்து, கத்தியால் நறுக்கியதுபோல அங்கே முடிந்தது. பாதையில் நின்றவர்கள் நட்சத்திரங்களைப் பார்த்தார்கள். படலைத் திறந்து உள்ளே கால் வைத்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். அந்த வாரம் வெண்ணெய் விலை ஏறியிருந்ததால், முதல் சில நாட்கள் அந்த விலையைப் பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது.

காரணம் கொடிதான். அன்று காலை எட்டு மணிக்கு டாக்னி தம் கம்பத்தில் ஏற்றிய நாட்டுக்கொடி, மாலையில் இறங்க மறுத்துவிட்டது. கயிற்றை இழுத்தார்; கயிறு கையோடு வந்தது, கொடி வரவில்லை. இளமையில் பாய்மரக் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கம்பத்தின்மேல் ஏறிப் பார்த்தார். முடிச்சும் இல்லை, சிக்கலும் இல்லை, கொடிக்கு இறங்க விருப்பமில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இறங்கி, காப்பி குடித்துவிட்டுப் போனார். கொடி இறங்காததற்கு எவராலும் காரணம் சொல்ல முடியவில்லை. சூரியன் மறையாததற்கு மட்டும் எல்லாரிடமும் ஒரே காரணம் இருந்தது. சூரியன் மறைந்தபின் கொடி பறக்கக் கூடாது என்பது அந்நாட்டில் குழந்தைக்கும் தெரிந்த விதி. டாக்னியோ இருபது ஆண்டுகளாகச் சங்கத்தின் கொடி மேற்பார்வையாளர். மாலைதோறும் சாம்பல்நிறக் கோட்டை அணிந்து, எல்லாப் பாதைகளிலும் நடந்து, இறங்காத கொடிக்கு உரியவர் கதவைத் தட்டி, ஒரு சொல்லும் பேசாமல் மேற்கே விரலை நீட்டுவார். இறக்கும்போது கொடியின் நுனி புல்லில் பட்டால் அதையும் பார்த்துவிடுவார். அப்படிப்பட்டவரின் கொடி மேலே இருக்கும்போது மறைய, சூரியனுக்குத் துணிவு வரவில்லை என்றே அனைவரும் நம்பினார்கள்.

டாக்னிக்கு அந்த மரியாதை பிடிக்கவில்லை. பஞ்சாங்கத்தில் அச்சிட்ட நேரத்தில் மறையாத சூரியன் ஒழுங்கற்ற சூரியன் என்பது அவர் கருத்து. ஜன்னல்களில் கறுப்புத் துணியை மாட்டி, உரிய நேரத்துக்கு உறங்கி, உரிய நேரத்துக்கு எழுந்தார். ஆனால் தோட்டம் அவ்வாறு இல்லை. ஸ்ட்ராபெரி மூன்று முறை காய்த்தது. பக்கத்து மனைகளின் அவரைக்கொடிகள் இரவோடு இரவாக வேலி தாண்டி வெயிலுக்கு வந்துவிட்டன. சங்கத்துக் குழந்தைகள் படுக்கப் போகும் வேளையில் டாக்னியின் புல்வெளிக்கு ஓடிவந்து, இங்கே இன்னும் பொழுது இருக்கிறது என்று வாதம் செய்தார்கள். அந்த வாதத்தில் பிழை கண்டுபிடிக்க டாக்னியாலும் முடியவில்லை. பின்மனைக்காரரான இறைச்சிக்கடை பிரெபெனின் சேவல், எது விடியல் என்று தெரியாமல், சந்தேகத்துக்கு இடமில்லாதபடி எப்போதும் கூவிற்று. ஜூலை நடுவில் பிரெபென் ஒரு ரம்பத்தோடு வந்து படலுக்கு வெளியே நின்றார். சங்கத் தலைவர் ஐனார் டோஃப்டும் உடன் வந்திருந்தார்.

“கம்பத்தையே அறுத்துடலாம், திருமதி ஹோல்ம். அஞ்சே நிமிஷம். நானும் தூங்குவேன், சேவலும் தூங்கும்.”

“கம்பம் சாஞ்சா கொடி எங்க விழும்?”

“புல்லுலதான். வேற எங்க?”

“புல்லுல,” என்றார் டாக்னி. அதை அவர் சொன்ன விதத்தில் பிரெபென் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“அந்தக் காலத்துல போர்க்களத்துல ராஜாவுக்காக வானத்துலேருந்து விழுந்த கொடின்னுதானே பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்க?” என்றார் தலைவர் ஐனார். “அப்ப இறங்கத் தெரிஞ்ச கொடிக்கு இப்ப என்ன வந்துச்சு?”

“அப்போ அதைப் பிடிக்க ஆள் இருந்தாங்க, தலைவரே.”

“ராணிக்கு எழுதிப் பாத்தா என்ன?” என்றார் பிரெபென்.

“அவங்க கருத்துச் சொல்லக் கூடாதுய்யா. அதுக்குத்தானே அரசியலமைப்பு,” என்றார் தலைவர்.

பிரெபென் விட்டுவிடவில்லை. சங்கத்தின் விதிகளில் ஒன்று, பொழுது சாய்ந்தபின் கொடியை விட்டுவைப்பவர் மனையை இழப்பார் என்று சொல்லிற்று. அந்த விதியை 1956இல் எழுதி நிறைவேற்ற வைத்தவரே டாக்னிதான். அதற்குக் காரணம் அவருடைய தங்கை விபெக்கா. விபெக்காவின் திருமண நாளன்று, இருட்டிய பின்னும் அவர் மனைக் கம்பத்தில் கொடி பறக்க, அதன்கீழ் அனைவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். டாக்னி ஆட்டத்தின் நடுவே நடந்து சென்று, கொடியை இறக்கி, மடித்து, மணமகளின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே சங்கப் பேரவையில் புகாரும் கொடுத்தார். சங்கம் விபெக்காவைக் கண்டித்தது, விதி பிறந்தது. அன்றிலிருந்து அடுத்தடுத்த மனைகளில் இருந்த அக்காளும் தங்கையும் பேசவில்லை. இடையிலிருந்த வேலியை விதி அனுமதித்த உயரம்வரை வளர்த்து, இருவரும் தத்தம் பக்கத்தை ஒழுங்காக வெட்டிவந்தார்கள்.

இப்போது அந்த விதி எழுதியவரையே தேடி வந்தது. கணவர் இறந்தபின் நகரத்து வீட்டை விட்டுவிட்ட டாக்னிக்கு, அந்த மனையும் அதிலிருந்த பச்சைநிற மரவீடும் தவிர வேறு இடமில்லை. ஆகஸ்ட் இறுதியில் பேரவை கூடியபோது சங்கக் கூடத்தில் உட்கார இடமில்லை. காப்பி இருமுறை தீர்ந்துபோயிற்று. சிலர், அவருடைய மனையில் சூரியன் மறையவே இல்லையாதலால் விதி மீறப்படவில்லை என்றார்கள். பிரெபென் எழுந்து, நாட்டுக்கெல்லாம் ஒரே சூரியன்தான் இருக்க முடியும் என்றும், அது நாள்தோறும் மறைந்துகொண்டுதான் இருக்கிறது என்றும் சொன்னார். டாக்னி எழுந்தார். தமக்காக ஏதாவது சொல்லப்போகிறார் என்று அனைவரும் நினைத்தார்கள்.

“பிரெபென் சொல்றதுதான் சரி,” என்றார் அவர். “பஞ்சாங்கம் என்ன சொல்லுதோ அதுதான் அஸ்தமனம். உட்காருங்க, பிரெபென். மேசைமேல முழங்கையை ஊன்றாதீங்க.”

தலைவர் வாக்கெடுத்தார். அந்த ஆண்டு நாட்டை ஆண்ட அமைச்சரவைக்குப் பாராளுமன்றத்தின் நூற்றெழுபத்தொன்பது பேரில் இருபத்திரண்டு பேர்தாம் சொந்தம். ஆயினும் அது ஆண்டது. ஆட்சியில் இருப்பவருக்குப் பெரும்பான்மை ஆதரவு தேவையில்லை, பெரும்பான்மை எதிர்ப்பு இல்லாதிருந்தால் போதும் என்பது அந்நாட்டு முறை. சங்கத்துக்கும் அதுவே முறை. திருமதி ஹோல்ம் மனையில் தொடர்வதை ஆதரிப்பவர் யார் என்று தலைவர் கேட்டார். கூடியிருந்தவர்கள் இருபது ஆண்டுகள் கதவு தட்டப்பட்டவர்கள். ஒரு கையும் எழவில்லை. எதிர்ப்பவர் யார் என்று கேட்டார். கைகள் வரிசை வரிசையாக எழுந்தன. முன்வரிசையில், முழங்கை மடங்காமல், எல்லாருக்கும் முன்பாக உயர்ந்த கை டாக்னியுடையது. தலைவர் இருமுறை எண்ணினார். வராத உறுப்பினர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெரும்பான்மைக்கு ஒரே ஒரு கை குறைந்தது. எல்லாரும் திரும்பி, கை தூக்காத ஒரே ஆளாகச் சுவரோரத்தில் உட்கார்ந்திருந்த விபெக்காவைப் பார்த்தார்கள்.

“விபெக்கா, நீங்க கை தூக்கலையா?” என்றார் பிரெபென்.

“கையில சுருட்டு இருக்கு.”

“இன்னொரு கை?”

“அதுல தீப்பெட்டி.”

“அப்ப அக்காவை ஆதரிக்கிறீங்களா?”

“யார் சொன்னது? அவளை ஆதரிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?” விபெக்கா நிதானமாகச் சுருட்டைப் பற்றவைத்தார். “நான் ஆதரவும் இல்ல, எதிர்ப்பும் இல்ல. சும்மா வந்திருக்கேன். காப்பி இருக்கா?”

ஆதரிப்பவர் எவரும் இல்லை, எதிர்ப்பவர் போதவில்லை, ஆகவே திருமதி ஹோல்ம் தொடர்கிறார் என்று தலைவர் மேசையைத் தட்டினார். டாக்னி மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடி எண்ணினார்கள். முடிவு மாறவில்லை. நாடே இப்படித்தான் நடக்கிறது, உங்கள் மனை நடக்கக் கூடாதா என்று தலைவர் கேட்டார்.

அன்று மாலை டாக்னி வேலியருகே போய் நின்றார். மறுபக்கத்தில் இருட்டு, அதில் சுருட்டின் முனை சிவந்து தெரிந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தங்கையிடம் சொல்லும் முதல் வாக்கியம் இலக்கணப் பிழையற்றதாக இருக்க வேண்டும் என்று சிறிது நேரம் யோசித்திருந்தார். வாயைத் திறந்தபோது அந்த யோசனை உதவவில்லை.

“நீ கை தூக்கியிருக்கணும். விதி அதுதான்.”

“தூக்கியிருந்தா?”

“என்னை வெளியேத்தியிருப்பாங்க.”

“உன்னை வெளியேத்திட்டா நான் யார்கூடப் பேசாம இருக்கிறது? பிரெபென்கூடவா?”

டாக்னி, அந்தப் பக்கம் பனி விழும், இந்தப் பக்கம் வந்து உட்கார் என்று சொன்னார். உன் வீட்டு வெயில் என் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டே, விபெக்கா பாதையைச் சுற்றி, ஒரு கையில் நாற்காலியோடும் மறுகையில் திராட்சைப் பாகுப் புட்டியோடும் வந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் எண்ணெய்த் தட்டுப்பாட்டை முன்னிட்டு விளக்குகளைக் குறைக்கும்படி அரசு கேட்டுக்கொண்டது. பிற்பகல் நான்கு மணிக்கே ஊர் இருட்டிவிடும் டிசம்பரில், சங்கத்தார் பின்னல் ஊசிகளோடும் செய்தித்தாள்களோடும் டாக்னியின் புல்வெளிக்கு வந்து உட்கார்ந்தார்கள். காலணியைத் துடைத்துவிட்டு நுழைய வேண்டும், ஒருவர் வெயிலை ஒருவர் மறைக்கக் கூடாது என்பவை தவிர டாக்னி அவர்களுக்கு வேறு நிபந்தனை விதிக்கவில்லை. பிரெபென் தம் சேவலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்ணெதிரே எப்போதும் சூரியன் இருந்ததால், அறிவிக்க ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டு அது அமைதியாயிற்று. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இருபத்திரண்டு பேரின் அமைச்சரவை விழுந்தது; பெரும்பான்மையில்லாத இன்னொன்று வந்தது; அதன்பின் இன்னொன்று. மாநகராட்சி அந்தப் பாதையின் தெருவிளக்கைத் தேவையில்லை என்று கழற்றிச் சென்றது. கொடியின் சிவப்பு வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாயிற்று. டாக்னிக்கு அது சற்று மனவருத்தம்.

மேற்பார்வைப் பணியை அவர் விடவில்லை. நாள்தோறும் பஞ்சாங்கத்து நேரத்துக்குக் கோட்டை அணிந்து, முதலில் தம் கம்பத்தடிக்கே போய், கயிற்றை ஒருமுறை இழுப்பார். இரு மனைக்கும் இடையே வேலியை வெட்டி வைத்து, திறந்தபடியே இருந்துவிட்ட படலுக்கு அப்பாலிருந்து விபெக்கா கேட்பார்:

“வருதா?”

“வரல.”

“சரி, மத்தவங்க கொடியைப் பாத்துட்டு வா. காப்பி ஆறிடும்.”

டாக்னி கயிற்றைக் கம்பத்தில் முறைப்படி எட்டு வடிவில் சுற்றிக் கட்டுவார். வேலிக்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கும் சூரியனை ஒருமுறை கண்டிப்போடு பார்ப்பார். பிறகு படலைச் சாத்திவிட்டு, மற்றவர்களின் இருட்டுக்குள் நடந்து போவார்.