கொசுறாகக் கொடுத்த அரை இஞ்ச்

1

இந்தக் கதை எனக்கு ஒரு காருக்கு அடியில் கிடைத்தது. என் வண்டியின் சைலன்சர் கழன்று தரையில் இழுபட, நெல்பேட்டையில் இருக்கும் அல் அமீனின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அவர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தபடியே சொன்னார். எனக்குத் தெரிந்தது அவருடைய கால் மட்டும்தான். ஆகவே இதில் வரும் முகபாவங்கள் எல்லாம் என் கடைச் சரக்கு.

முதல் வரிக்கு மூன்று மாதிரி பார்த்தேன்.

‘வெல்டிங் பொறிகள் நட்சத்திரங்களாய்ச் சிதறிய அந்த மாலையில், அல் அமீன்—’ வேண்டாம். நடந்தது பகல் பதினொரு மணிக்கு.

‘உலகில் சத்தம் இரண்டு வகை—’ இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே வாங்க மாட்டேன்.

‘சிவக்குமார் பேரம் பேசினான்.’ இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

சிவக்குமார் பேரம் பேசினான். திருமங்கலத்துக்காரன்; பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவன்.

“பாய், வண்டி வாரது ஊருக்கே கேக்கணும். இழுவையும் கூடணும்.”

“இப்ப இருக்கிறது ஒன்றரை இஞ்சுப் புகைக்குழாய். ரெண்டு இஞ்ச் போடுறேன். போதும்.”

“ரேட்டைக் குறைங்க.”

“குறையாது.”

“அப்ப சேத்தாச்சும் குடுங்க. காய்க்காரம்மாகூட கறிவேப்பிலை போடுது.”

விலையில் இறங்குவது அல் அமீனுக்கு மானப் பிரச்சினை. கொசுறு அப்படியல்ல. கொசுறு கேட்ட கையை வெறுங்கையாக அனுப்பினால் அந்தக் கை மறுபடி கடைப்பக்கம் வராது.

“சரி மாப்ள. ரெண்டரையாவே போடுறேன். அரை இஞ்ச் நம்ம அன்பளிப்பு. நடுவுல ஒரு தேன்கூடு மாதிரி டப்பா இருக்கு, அதையும் எடுத்துர்றேன். அது வண்டி மூச்சை அடைக்கும்.”

டப்பா பழைய இரும்புக் கடைக்குப் போனது.

3

[இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். போனால் சிவக்குமார் மாதிரிதான் மாட்டிக்கொள்வீர்கள்.]

என்ஜின் புகையை ஒரே ஓட்டமாக விடுவதில்லை, விட்டுவிட்டு ஊதுகிறது. ஒவ்வொரு ஊதலும் குழாயில் வேகமாக ஓடும்போது பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அந்த வெற்றிடம் அடுத்த புகையை இழுத்துக்கொள்கிறது. குழாய் ரொம்பக் குறுகலாக இருந்தால் புகை முட்டி நிற்கும். அதைத் தள்ளுவதிலேயே என்ஜினின் பலம் வீணாகும். ரொம்ப அகலமாக இருந்தால் புகை ஆற அமர நடக்கும். இழுக்கிற வெற்றிடம் இருக்காது. வண்டி மெதுவாகப் போகும்போது, மேடு ஏறும்போது, சுமையோடு கிளம்பும்போது இழுவை விழுந்துவிடும். சத்தம் மட்டும் குறையாது.

தேன்கூட்டு டப்பாவின் வேலை வேறு. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷத்தைப் பெரும்பாலும் முறித்துவிடுவது அதுதான்.

கறிவேப்பிலையைக் கொசுறாகக் கொடுக்கலாம். குழாயின் அகலத்தைக் கொடுக்கக் கூடாது.

4

இங்கே ஒரு சந்தேகம். இதெல்லாம் அல் அமீனுக்குத் தெரியாதா? முதல் பிரதியில் தெரியாது என்று எழுதினேன். இருபது வருடமாகச் சைலன்சர் ஒட்டுகிற மனிதருக்கு அது அவமரியாதை. இரண்டாம் பிரதியில், தெரிந்தே ஏமாற்றினார் என்று எழுதினேன். அதுவும் பொய். தெரியும், பேரம் சூடுபிடித்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பேரத்தில் நின்றவர்களுக்கு இது புரியும்.

பத்தே நாளில் சிவக்குமார் திரும்பி வந்தான்.

“பாய், நாலு பேரை வச்சுப் பாலம் ஏறல. ரெண்டு பேரை இறக்கிவிட்டேன். அவக நடந்தே எனக்கு முன்னாடி மேல போயிட்டாக.”

“சத்தம்?”

“அது அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி போயிருச்சு. இழுவையை அப்புறம் பாப்போம். நாளைக் காலையில ஒரு கம்பெனில மாச வாடகைக்கு வண்டி விடுறேன். புகை சர்டிபிகேட் இன்னிக்கே வேணும்.”

டப்பா இல்லாத வண்டி புகைச் சோதனையில் தேறாது. அல் அமீன் அவனுக்குத் தெரியாமல் குழாயின் வால்பக்கம் பென்சில் நுழையுமளவு ஒரு துளை போட்டார். ஊதலுக்கும் ஊதலுக்கும் நடுவில் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகும்; புகை நீர்த்துப்போகும்; பாலில் தண்ணீர்.

“வா, நம்ம தங்கச்சி இஷ்ரத்துதான் கே.கே. நகர்ல புகை டெஸ்ட் பண்ணுது.”

5

பெட்ரோல் பங்க் ஓரம், வேப்பமர நிழலில்* இஷ்ரத்தின் மெஷின் இருந்தது. மெஷினின் கம்பியைக் குழாயில் செருகினாள். சிவக்குமார் டீ சொல்லப் போனான்.

கார்பன் மோனாக்சைடு 0.28 சதவீதம். வரம்பு 0.3. அல் அமீன் மூச்சு விட்டார்.

ஆனால் மெஷின் இரண்டாவது கேள்வி ஒன்று கேட்கும்: புகையில் காற்று எவ்வளவு? ஒன்றை ஒட்டி வர வேண்டும். 1.19 வந்தது, அதாவது வெளிக்காற்று கலந்திருக்கிறது. விலையைக் கேட்டவன் எடையையும் கேட்டுவிட்டான்.

இஷ்ரத் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தாள். நிமிர்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

“அண்ணே, ஓட்டையை யாரு போட்டா?”

“துருவா இருக்கும்.”

“துரு டிரில் வச்சா போடும்? டப்பா எங்க?”

அல் அமீன் டீக்கடைப் பக்கம் பார்த்தார்.

“போன மாசந்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இருந்து வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாக. இன்னொரு பொய் சர்டிபிகேட் போனா கடை லைசென்ஸ் ரத்து. நீதானே அந்தப் பேப்பரை வாசிச்சுக் காட்டுன?”

“அவன்கிட்ட டப்பா குப்பைன்னு சொல்லிட்டேன் இஷ்ரத். இப்ப என்னன்னு சொல்லுவேன்?”

* நிஜத்தில் தகரக் கொட்டகை. மரம் கொசுறு.

6

முடிவு ஒன்று: அல் அமீன் எல்லாவற்றையும் சிவக்குமாரிடம் ஒப்புக்கொள்கிறார். அழகான முடிவு. படிக்கிறவர்களுக்கு மனசு நிறையும். பட்டறையில் வாசித்துக் காட்டினால் வண்டிக்கடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

முடிவு இரண்டு: இஷ்ரத் கண்ணை மூடிக்கொண்டு பிரிண்ட் பொத்தானை— அவள் அழுத்த மறுக்கிறாள். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். விரல் கீழே இறங்கவில்லை.

முடிவு மூன்று: நான் எழுதவில்லை. வரிசையில் சிவக்குமாருக்கு அடுத்து நிற்கிற கார் உங்களுடையது. நல்ல வண்டி, டப்பா பத்திரமாக இருக்கிறது. அல் அமீன் உங்கள் ஜன்னலுக்கு வருகிறார். சிரிக்க முயல்கிறார், இதுவும் என் சரக்குதான்.

“அண்ணே,” (அக்கா என்றால் அப்படியே வாசித்துக்கொள்ளுங்கள்) “ரெண்டே நிமிசம். வண்டியை ஸ்டார்ட் பண்ணி நில்லுங்க. கம்பி உங்க குழாய்ல இருக்கட்டும், சர்டிபிகேட்டுல போடுற நம்பர் போட்டோவை அந்த வண்டிக்கு எடுத்துக்குவோம். எல்லாரும் பண்றதுதான்.”

நீங்கள் சரி என்றால் சிவக்குமார் நாளை வேலையில் சேருவான்; அல் அமீன் மானம் தப்பும்; இஷ்ரத்தின் கடை உங்கள் குழாய்ப் புகையில் தொங்கும். முடியாது என்றால் அல் அமீன் இரண்டடி நடந்து, டீ டம்ளர்களோடு வருகிறவனிடம் வாயைத் திறந்தாக வேண்டும்.

அண்ணன் கேட்டதை இஷ்ரத் தடுக்கவில்லை. கம்பியைக் கையில் பிடித்தபடி உங்களையே பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எழுத என்னிடம் சரக்கு இல்லை.

“சொல்லுங்க,” என்கிறாள். “பின்னால இன்னும் மூணு வண்டி நிக்குது.”