இரண்டு பக்கமும் துடைத்த இயந்திரம்

தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த என்னை யாரும் விஞ்ஞானி என்று சொன்னதில்லை. அந்தக் குறையை நானே தீர்த்துக்கொண்டேன். பழைய அம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபோமரைப் பிளந்து, ஒரு பக்கத்து இரும்புத் தகடுகளைக் கழற்றி, கரண்டில் மாட்டிக் காந்தமாக்கினேன். மேலே கசட்டை வைத்துச் சுழற்றி மெல்ல விலக்கினால் பதிந்ததெல்லாம் போய்விடும். என் ரெக்கோடர் ஒழுங்காக அழிக்காது. புதுப் பாட்டுக்கு அடியில் பழைய பாட்டு முனகும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

தொண்ணூற்றேழில் ஒருநாள் றப்பர் தோட்டத்து அழகமுத்து ஓடிவந்தான். அவன் மனைவி கலைச்செல்விக்குக் குவைத்தில் வீட்டு வேலை. அவளுக்குக் கசட்டில் பேசித்தான் அனுப்புவான். அன்று, அங்கேயே வேலைக்குப் போகும் எங்கள் ஊர் ஸாஹிரா குவைத்துக்குப் புறப்படுகிறாள்; கசட் அவள் கையில் போகவேண்டும்.

"ஸ்ரீதரண்ணே, இந்தப் பக்கத்துல கோவத்துல 'வராத, அங்கயே கெட'ன்னு பேசிப்புட்டேன். அழிச்சிருங்க, வேற பேசுறேன்."

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்று இயந்திரத்தை உறுமவிட்டேன். பிறகு பெருமையோடு போட்டுக் காட்டினேன். சத்தமே இல்லை. திருப்பிப் போட்டேன். அங்கும் இல்லை.

"ஐயோ! அந்தப் பக்கத்துல எங்க லயத்து வீடுங்கள்ல இருக்கிற ஆளுங்க எல்லாம் அவகிட்ட பேசியிருந்தாங்களே!"

ரெக்கோடர் ஒரு பக்கத்தை மட்டும் அழிக்கும். காந்தத்துக்குப் பக்கம் ஏது? விஞ்ஞானிக்கு இது இப்போதுதான் விளங்கியது.

வெளியே திரீவீலர் ஹோன் அடித்தது. "யமு, யமு!" - போகலாம் என்று சாரதி சிங்களத்தில் அவசரப்படுத்தினான். "பிளேன் என்ன ஒங்க தோட்டத்து லொறியா, நிக்கிறதுக்கு?" என்று வண்டிக்குள்ளேயிருந்து ஸாஹிரா கத்தினாள்.

மைக்கை அவன் வாயருகே பிடித்தேன். "எல்லாருக்கும் சேத்து நீயே பேசு!"

"கலைச்செல்வி, சின்னம்மா அக்கா சொல்லுது, ஒன் பசு கன்னு போட்டுருச்சாம். கங்காணி சொல்றாரு... ஹ்ர்ர்ம்... ஹ்ர்ர்ம்... ஒடம்பப் பாத்துக்கன்னு."

கங்காணியின் செருமலைக்கூட விடவில்லை! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. 'ஒன் விஷயத்தச் சொல்லுடா' என்று வாயை மட்டும் அசைத்தேன்.

அவன் என்னை முறைத்தான். "அவங்க பேசினத எல்லாம் ஸ்ரீதரண்ணே மெஷின் செஞ்சு அழிச்சுப்புட்டாரு. நான் கேட்டா மதிக்கமாட்டாரு. நீ வந்து நாலு கேள்வி கேளு." குரல் இறங்கியது. "இந்த மாரியம்மன் திருவிழாவுக்கே வந்து கேளு. அங்கயே இருந்துறாத, புள்ள."

கசட்டை உருவிக்கொண்டு ஓடி ஸாஹிராவிடம் நீட்டினேன்.

"இவ்வளவு நேரமா என்னதான் பேசினாரு?"

"எல்லாம் என்னைப் பற்றிய புகார்தான்" என்றேன்.