எதிர் மூலை

பட்டம் வென்ற குத்துச்சண்டைக்காரனுக்குத் தான் வென்ற ஆட்டமே ஞாபகம் இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? நம்ப மாட்டார்கள். அதனால்தான் சாம்பியன் அதை யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஆறாவது ரவுண்டு வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. வாயில் கடித்திருந்த ரப்பரின் கசப்பு, வலது பூட்ஸின் நாடா லேசாகத் தளர்ந்தது, முன்வரிசையில் ஒருவர் விடாமல் இருமியது, எல்லாமே நினைவில் இருந்தன. ஏழாவதில் பஞ்சுவின் இடது கை வந்து நெற்றிப்பொட்டில் இறங்கியது. அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வதா, கனவு என்று சொல்வதா?

காலடியில் தரை மெத்தென்று ஆனது. விளக்குகளெல்லாம் தண்ணீருக்குள் எரிந்தன. கூட்டம் எங்கோ தொலைவில், மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் விசேஷம் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அவ்வப்போது ஒரு மணி அடிக்கும். மணி அடித்ததும் யாரோ அவன் தோளில் கை வைத்து, "இங்க இல்லப்பா, அந்தப் பக்கம்" என்பார்கள். அவ்வளவு பரிவான குரலை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. அப்புறம் கண் விழித்தபோது உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தான். மடியில் பட்டத்தின் பெல்ட் கிடந்தது. மச்சினன் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

அந்தக் குரல் செத்துப்போன அப்பாவுடையது என்று சாம்பியன் முடிவு கட்டியிருந்தான். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவ்வளவு மெதுவாக ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. போன இடத்தில் குணம் மாறியிருக்கலாம், யார் கண்டது? தன் பிள்ளையைக் காப்பாற்ற அப்பா ரிங்குக்குள் இறங்கி வந்தார் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு மனசில்லை. ஆட்டத்தின் ஒளிப்பதிவை ஊரே பார்த்தாகிவிட்டது, அவன் மட்டும் பார்க்கவில்லை. தன் சட்டையை வேறொருவன் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டில் நிற்பதைப் போய் யார் பார்ப்பார்கள்?

இப்போது பஞ்சு இன்னொரு மறுபோட்டி கேட்கிறான்.

பஞ்சு என்பது பட்டப்பெயர். குடும்பத் தொழில் மெத்தை, தலையணை தைப்பது. அடி வாங்கியவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததில்லை. முதல் ஆட்டத்தில் சாம்பியன் ஜெயித்தான், இரண்டாவதில் பஞ்சு, மூன்றாவதில் மறுபடி சாம்பியன். பஞ்சுவுக்கு இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. இப்போது ஆடினால் உண்டு, இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை. பதிலைக் குத்துச்சண்டைச் சங்கத்தின் மண்டபத்தில், பத்திரிகைக்காரர்கள் முன்னால், சாம்பியனே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மாமா?" என்றான் மச்சினன். சாம்பியனுக்கு மேனேஜரும் அவன்தான், பயிற்சியாளரும் அவன்தான். "ரெண்டு தடவை தோத்தவன் அவன். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு அப்புறம் குத்துதே குடையுதேன்னா என்ன பண்றது? முடியாதுன்னு ஒரு வார்த்தை. தீந்துபோச்சு."

ஒரு வார்த்தைதான். அது சாம்பியனுக்கு மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தொண்டையில் நின்றது. சரி என்றால் மறுபடி அந்தத் தண்ணீருக்குள் போக வேண்டும். இந்தத் தடவை திரும்பி வருவோமா என்று அவனுக்கே தெரியாது. பயமாக இருந்தது. முடியாது என்றால், எப்படி வாங்கினோம் என்றே தெரியாத பட்டத்தைக் கட்டிக்கொண்டு, ஒருவனுடைய கடைசி வாய்ப்பின் மேல் கதவைச் சாத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தூக்கம் போய்விட்டது. சாம்பியன் என்றால் கல்லுப்பிள்ளையார் இல்லையே, அவனுக்கும் கண் எரியும்.

கடைசியில், முடியாது என்பதை நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. மச்சினனுக்குத் தெரியாமல் ஒரு மதியம் பஞ்சுவின் கடைக்குப் போனான்.

கடை ஒரு நீளமான கூடம். கூரையில் பதித்திருந்த கண்ணாடி வழியாக வெயில் சாய்வாக இறங்கியது. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பஞ்சு அடிக்கும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் விழுந்த இடமெல்லாம் பஞ்சு இழைகள் கீழே இறங்க மனசில்லாமல் மிதந்தன. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் நரைத்துப்போய் நின்ற ஆளை சாம்பியன் யாரோ பெரியவர் என்று நினைத்தான். துணியைக் கழற்றியதும் பார்த்தால் பஞ்சு.

"வா" என்றான் பஞ்சு. "மெத்தை வாங்க வந்தியா, சண்டைக்கு நாள் பார்க்க வந்தியா?"

"சும்மா பார்க்கலாம்னு வந்தேன்."

"பார்க்க என்ன இருக்கு? இத்தனை வருஷமா பக்கத்துல வச்சுப் பார்த்த மூஞ்சிதானே. என் பொண்டாட்டியைக்கூட நான் இவ்வளவு உத்துப் பார்த்ததில்ல."

சாம்பியன் சிரித்தான். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தது வேறு. "எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

வீட்டில் சொல்லாததை இங்கே சொல்லிவிட்டோமே என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. பஞ்சு கேலி செய்யவில்லை. புதிதாகத் தைத்து வைத்திருந்த மெத்தை ஒன்றைக் காட்டினான்.

"படு. படுத்துப் பார்க்காம நான் யாருக்கும் மெத்தை விக்கிறதில்ல."

ஒரு நிமிடம் படுத்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் படுத்தான். பஞ்சு போய் இயந்திரத்தை நிறுத்தினான். அதுவரை அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. வெள்ளை இழை ஒன்று மேலே தயங்கித் தயங்கி வந்தது. மூக்கின் மேல் விழுமா, பக்கத்தில் விழுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அது விழுந்ததா என்று அவனுக்குத் தெரியாது.

உலகத்தில் எத்தனையோ இடம் இருக்க, எதிராளியின் கடையில் போய்த் தூங்கினான் சாம்பியன். குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். தூக்கத்தில் விளக்குகள் தண்ணீருக்குள் எரிந்தன. ஆனால் இந்த முறை பயமாக இல்லை.

எதிர்ச் சாரியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மாலையில் அங்கே மணி அடித்தது.

மணிச் சத்தம் கேட்டதும் சாம்பியன் எழுந்தான். கண் திறந்திருந்தது, ஆள் விழிக்கவில்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி, கூடத்தின் கோடியில் குவித்திருந்த பஞ்சு மலையை நோக்கி நடந்தான். அங்கே அவனுக்காக யாரோ ஸ்டூல் போட்டுத் தண்ணீர் வைத்திருப்பது போல நடந்தான்.

தோளில் ஒரு கை விழுந்தது. அவனை மெதுவாகத் திருப்பியது.

"இங்க இல்லப்பா, அந்தப் பக்கம்."

சாம்பியன் முழுதாக விழித்துக்கொண்டான். அதே கை. அதே குரல். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா ஒருமுறை பார்த்துவிட்டு மெல்ல விலகிப் போவது போல இருந்தது. அடி வாங்கும்போது வராத கண்ணீர் அப்போது வந்தது.

"நீயா அது?" என்றான்.

பஞ்சு கையை எடுத்துக்கொண்டான். அப்புறம் ஒரு தலையணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஏழாவது ரவுண்டு முடிஞ்சு மணி அடிச்சுது. நீ பாட்டுக்கு எங்க மூலைக்கு நடந்து வர்ற. சொந்த வீட்டுக்கு வர்ற மாதிரி வர்ற. நீ வந்து என் ஸ்டூல்ல உக்காந்திருந்தா நடுவர் அங்கேயே நிறுத்தியிருப்பாரு. பட்டம் எனக்கு."

"ஏன் விடல?"

"யோசிச்சா செஞ்சேன்? கை தானா போயிடுச்சு. கட்டிப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுத் திருப்பி விட்டேன். ஜனங்க கைதட்டுனாங்க. உன் மச்சினனும் சேர்ந்து தட்டுனான். அடுத்த மணிக்கும் நீ அதே மாதிரி வந்த. ஒரு தடவை மூடி வச்சாச்சு, அப்புறம் எந்த வாயால நடுவரைக் கூப்பிடுறது?"

"ரவுண்டுக்குள்ள நான் என்னதான் செஞ்சேன்?"

"நல்லாத்தான் செஞ்ச. ஆள் இல்ல, கை மட்டும் வேலைக்கு வந்திருந்துச்சு. என் கடவாப்பல்லு இன்னும் ஆடுது. அதுக்கப்புறம் நான் உன் தலையைத் தொடல. விலாவுலயே தட்டிக்கிட்டிருந்தேன். விலாவுல தட்டி எவன் ஜெயிச்சான்?"

"வெளியில சொல்லியிருக்கலாமே."

"குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலைங்கிறான்னு சிரிச்சிருப்பாங்க." பஞ்சு குனிந்து தரையில் கிடந்த இழைகளைக் கையால் கூட்டினான். "நான் செஞ்சது நல்ல காரியம்னு நினைக்காதே. அன்னிக்கே நிறுத்தச் சொல்லியிருக்கணும். உனக்கு ஏதாவது ஆகியிருந்தா உன் வீட்டுல நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்து நிப்பேன்? அடிச்சிருக்கலாமேன்னு நினைச்சா பத்திக்கிட்டு எரியுது. ரெண்டும் சேர்ந்து என்னைக் கொல்லுது. அதான் கேட்டேன். நீ முழிச்சிருக்கும்போது ஒரே ஒரு ஆட்டம். இந்தத் தடவை திருப்பி விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சாம்பியன் வாசலுக்குத் திரும்பினான். கிளம்பும்போது பஞ்சு ஒரு தலையணையை அவன் கையில் திணித்தான். சாம்பியன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்தான். அடையாளம் தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். சட்டையெல்லாம் பஞ்சாக இருந்ததை யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த ஆட்டத்தைப் போடச் சொன்னான். அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போட்டாள். திரையில் அவன் அழகாக ஆடினான். இவ்வளவு அழகாக ஆடுகிறானே, யார் இந்த ஆள் என்று அவனுக்கே பொறாமையாக இருந்தது. மணி அடித்தது. அந்த ஆள் எதிர் மூலைக்கு நடந்தான். பஞ்சு அவனைக் கட்டிப் பிடித்துத் திருப்பினான். கூட்டம் கைதட்டியது. மறுபடி மணி அடித்தது.

"ஒவ்வொரு தடவையும் நீங்கதான் அவர்கிட்ட போறீங்க" என்றாள் மனைவி. "எனக்கு அது என்னவோ போல இருந்துச்சு. தம்பிகிட்ட கேட்டேன். அது விளையாட்டுல மரியாதைன்னான்."

"எனக்கு இது எதுவும் ஞாபகம் இல்ல" என்றான் சாம்பியன்.

அவள் அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அன்று அவன் புதுத் தலையணையில் தலை வைத்து, விடிய விடியத் தூங்கினான்.

மண்டபத்தில் மேடையின் ஒரு பக்கம் சிவப்புத் துணி போட்ட மேஜை, மறுபக்கம் நீலத் துணி போட்ட மேஜை. சிவப்பு சாம்பியனுக்கு. நீல மேஜைக்குப் பின்னால் பஞ்சு புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. போன ஆட்டத்தில் தோற்ற கோபம் இன்னும் தீராமல் அவனுடைய பயிற்சியாளர் வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். கேமராக்களின் வெளிச்சம் எழுந்து எழுந்து அடங்கியது. சாம்பியனுக்கு அது தண்ணீருக்குள் எரிகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அவன் விழித்திருந்தான்.

"முடியாதுன்னு சொல்லிட்டு எழுந்துடுங்க மாமா" என்று மச்சினன் காதைக் கடித்தான்.

"மறுபோட்டி கிடையாது" என்றான் சாம்பியன்.

மச்சினன் முகம் மலர்ந்தது. பஞ்சு மேஜைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"ஏன்னா இனிமே நான் ஆடப்போறதில்ல. போன ஆட்டத்துல ஏழாவது ரவுண்டுலேருந்து நான் அங்க இல்ல. எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. மணி அடிச்சப்பல்லாம் நான் தப்பான மூலைக்குப் போயிருக்கேன். நீங்க கைதட்டுனீங்களே, அது கட்டிப்பிடிச்சது இல்ல. எனக்கு வழி காட்டுனது. அன்னிக்கு அதுக்கு மேலயும் என் தலையில அவர் அடிச்சிருந்தா நான் இன்னிக்கு உங்க முன்னால இருந்திருக்க மாட்டேன். அடிக்கல. இந்தப் பட்டத்தை நான் ஜெயிச்சேன்னு என்னால சொல்ல முடியாது."

மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் கேள்வி கேட்டது. பஞ்சு எழுந்து நின்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. பட்டத்துக்காக இனி வேறு யாரோடாவது ஆடலாம். ஆனால் அவன் கேட்டது இந்த ஒருவனோடு ஓர் ஆட்டம், அது இனி இல்லை. ஏமாந்த ஆளின் கோபம் கண்ணில் இருந்தது. வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

சாம்பியன் பெல்ட்டைச் சிவப்பு மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தான். வெளியே போகும் கதவு அவன் பின்னால் இருந்தது. அவன் மேடையைக் குறுக்காகக் கடந்து நீல மேஜையை நோக்கி நடந்தான்.

பஞ்சுவின் கை பழக்கத்தில் தானாக எழுந்து அவன் தோளில் விழுந்தது.

"இங்க இல்லப்பா" என்றான் பஞ்சு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அந்தப் பக்கம்."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, சாம்பியன் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தான்.