தாஸ் என்கிற தேவசகாயம்

ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்து, விசா நேர்காணலுக்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான் பிரிசில்லாவின் பிறப்புச் சான்றிதழில் இருந்த தப்பு வெளியே வந்தது. கண்டுபிடித்தவர் இளவரசு. வெளிநாடு போகிறவர்களின் சான்றிதழ்களை வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரைக்குச் சென்னைக்கு அனுப்பிவைப்பது கடலூரில் அவர் தொழில்.

"பாஸ்போர்ட்டு, மார்க் ஷீட்டு எல்லாத்துலயும் அப்பா பேரு தேவசகாயம். இதுல மட்டும் தாஸ்னு இருக்கே? அங்க இருக்கறவன் வேற யாரோன்னு நெனச்சுக்குவான். மொதல்ல இத சரிபண்ணிக்கிட்டு வாங்க."

பக்கத்தில் நின்ற தேவசகாயத்துக்கு முகம் தொங்கிப்போனது. வயரிங் வேலைக்குப் போகிற அவர் ஊருக்கெல்லாம் தாஸ்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தபோது படிவத்தை நிரப்பியவரும் அவரே. பெண் பிறந்த சந்தோஷத்தில் ஊர் கூப்பிடும் பேரையே கை தானாக எழுதிவிட்டது.

"பேரு என்னன்னு கேட்டா முழுப்பேர எழுத வேணாம்?" என்று மனைவி ராசம்மாள் இரண்டு நாள் பொரிந்து தள்ளினாள். பிரிசில்லா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரை வாட்டியது.

திங்கட்கிழமை அப்பாவும் மகளும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டும்வரை அவர் மடியிலிருந்த பையைத் திறந்து திறந்து காகிதங்களைச் சரிபார்த்தார்.

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்த சௌந்தரம் காகிதங்களைப் புரட்டினார்.

"தாஸ் யாருங்க?"

"நான்தாம்மா."

"அப்ப தேவசகாயம்?"

"அதுவும் நான்தாம்மா."

சௌந்தரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் நம்பறேன். ஆனா நீங்க நோட்டரிகிட்ட எழுதி வாங்கின பத்திரம் மட்டும் பத்தாது. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு அந்தக் காலத்து ரெக்கார்டு ஏதாவது இருக்கா?"

அவர் பையைக் குடைந்து பார்த்தார். பிரிசில்லாதான் கேட்டாள். "எனக்கு ஞானஸ்நானம் இந்த ஊர்லதானப்பா குடுத்தீங்க?"

ஆட்டோ பிடித்து மாதா கோயிலுக்குப் போனார்கள். அலுவலகத்தில் இருந்தவர் அந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். தேவசகாயம் மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பிரிசில்லா. தாய் ராசம்மாள். தந்தை தேவசகாயம் என்கிற தாஸ்."

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு எழுதிய சாமியார், "தாஸ்னு ஒரு பேரா? முழுப்பேரச் சொல்லுய்யா" என்று அதட்டிக் கேட்டிருந்தார்.

இப்போதைய சாமியார் கையெழுத்திட்டுக் கொடுத்த நகலோடு நகராட்சிக்குத் திரும்பினார்கள். அதைப் பார்த்ததும் சௌந்தரம் தலையாட்டினார். "இது போதும். பத்து நாள் கழிச்சு வந்து வாங்கிக்குங்க."

வெளியே வந்து டீ சொன்னார்கள். "இன்னும் ஏம்பா மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"நான் பண்ண வேலையால ஒனக்குத்தானம்மா அலைச்சல்."

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டப்ப நானுந்தான் அதப் பாக்கல. கோவமெல்லாம் ஒன்னுமில்ல, பயந்துட்டேன். அதான் பேசல."

சொன்னபடி பதினோராம் நாள் திருத்திய சான்றிதழ் கிடைத்தது. இளவரசு அன்றைக்கே சென்னைக்கு அனுப்பினார். நேர்காணலுக்கு நாலு நாள் முன்னால் கூரியர் வந்தது. சான்றிதழின் பின்பக்கம் அப்போஸ்டில் முத்திரையாகச் சின்னதாக ஒரு ஸ்டிக்கர்.

"இவ்ளோதானா?" என்றார் தேவசகாயம்.

"இவ்ளோதாம்பா" என்று பிரிசில்லா சிரித்தாள்.

அன்று மத்தியானம் நிம்மதியாகப் படுத்த தேவசகாயம் விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை. வேலைக்குக் கூப்பிட்டு மூன்று போன் வந்தது. "அவரு தூங்கறாரு, நாளைக்கு வருவாரு" என்று ராசம்மாளே பதில் சொல்லி வைத்தாள்.