குறுக்கே வந்த மாடு

வக்கீல் யசோதினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்டியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு போட்டோக்கொப்பிக் கடையை ஒட்டினாற்போல் அவளுடைய அறை. நான் கதிரையில் உட்கார்ந்து, என் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் வைத்தேன். முழங்காலுக்குக் கீழே அந்தக் காலில் உணர்ச்சி கிடையாது. குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஐந்து மாதமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் "ஐயோ பாவம்" என்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

"சொல்லுங்க டீச்சர், என்னா நடந்துச்சு?"

சொன்னேன். யாருடைய கதையையோ வாசிக்கிற மாதிரி சொன்னேன். இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் அப்படித்தான் வருகிறது.

என் பெயர் மேபல். கம்பளையில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணம் பண்ணவில்லை, அதற்குக் காரணம் கேட்டால் சண்டைதான் வரும். தம்பி றொட்னியோடும் அவன் மனைவி நிலூஷாவோடும் ஒரே வீட்டில் இருக்கிறேன். றொட்னி வருஷத்துக்கு மூன்று தடவை ஆட்களைச் சேர்த்து வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போவான். விசா, டிக்கெட், வேன், தங்கும் அறை எல்லாம் அவன் ஏற்பாடு. ஏப்ரல் லீவுக்கு நானும் போனேன். திருச்சியில் இறங்கித் தங்கி, மறுநாள் விடியற்காலை வேனில் புறப்பட்டோம்.

யாத்திரை வேன் ஜெபமாலை இல்லாமல் ஓடாது. எங்கள் ஆட்களின் வழக்கத்தில் ஒருவர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். டிரைவருக்கு முதுகைக் காட்டி, பின்னால் இருப்பவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடி சொன்னால் கடைசி சீட்டுக்குக் கேட்காது; தவிர, மாதாவிடம் உட்கார்ந்துகொண்டு கேட்பது மரியாதையும் இல்லை. டீச்சர் குரல் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். ஜெபமாலையின் மூன்றாவது பத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வேன், ரோட்டோரம் நின்ற லொறியில் மோதியது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போய்விட்டது.

"டிரைவர் தூங்கிட்டாரா?"

"இல்ல மிஸ். மாடு குறுக்க வந்துருச்சு. அத அடிக்கக்கூடாதுன்னு திருப்பியிருக்காரு."

யசோதினி பேனாவை வைத்துவிட்டாள்.

"மாட்ட யாரு பார்த்தது?"

"எல்லாரும்."

"நீங்க?"

"எனக்கு முதுகுதானே."

"பின்னால இருந்தவங்க?"

யோசித்தேன். ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். மூடாதவர்களை நான் முறைத்து மூட வைத்திருப்பேன், வகுப்பில் செய்கிற மாதிரி. மாட்டைப் பார்த்தது டிரைவர் செல்லப்பாவும் முன் சீட்டில் இருந்த றொட்னியும்தான். றொட்னி சொன்னான், எல்லாரும் நம்பினோம், போலீசிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஊருக்கு வந்ததும் நன்றித் திருப்பலியில், சக்கர நாற்காலியில் இருந்தபடி மைக்கைப் பிடித்து நானும் சாட்சி சொன்னேன். அந்த வாயில்லாச் சீவனையும் எங்களையும் மாதா ஒரே நேரத்தில் காப்பாற்றினாள் என்றேன். கோயிலே கை தட்டியது.

யசோதினி நிதானமாக விளக்கினாள். வெளிநாட்டுக்காரி என்றாலும் விபத்து நடந்த இடத்து நஷ்டஈட்டு மன்றத்தில் நான் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. நேரில் போகத் தேவையில்லை, எனக்குப் பதிலாக நிற்க அங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தால் போதும்.

"ஆனா டிரைவர் மேல தப்புன்னு காட்டணும் டீச்சர். மாடு வந்தா அது அவர் தப்பில்லன்னு சொல்லிருவாங்க. அதோட ஓடுற வேன்ல நீங்க எழும்பி நின்னிருக்கீங்க. அதையும் சொல்லுவாங்க."

"ஜெபம் சொல்லத்தானே நின்னேன்!"

"அது மாதாவுக்குத் தெரியும். இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரியாதே."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"பயணக் காப்புறுதி எடுத்தீங்களா?"

"அது எதுக்குன்னு விட்டாச்சு."

"அப்ப இன்னொரு வழிதான் இருக்கு. உங்கள கூட்டிட்டுப் போனவர் மேல இங்கயே வழக்குப் போடலாம். யாரு கூட்டிட்டுப் போனது?"

"என் தம்பி" என்றேன்.

அவள் அதை எழுதவில்லை.

நரம்பை ஒட்ட வைக்கும் ஆபரேசனை ஒரு வருஷத்துக்குள் செய்ய வேண்டும், தள்ளிப்போனால் பிறகு செய்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னிடமோ றொட்னியிடமோ அதற்குப் பணம் கிடையாது. இந்த வழக்கு தள்ளுபடியாகாமல் நின்றால் நான் திரும்ப வகுப்பில் நிற்பேன். நிற்காவிட்டால் ஊன்றுகட்டையோடு கட்டையாக வீட்டில் கிடக்க வேண்டியதுதான். விஷயம் அவ்வளவுதான், ஆனாலும் பேராதனை தாண்டி ஆட்டோ ஓடும்போது எனக்குப் பயமும் வரவில்லை, கவலையும் வரவில்லை. மகாவலியைப் பார்த்தேன். தண்ணீர் கலங்கி ஓடியது.

வீட்டில் றொட்னி பேசின் தண்ணீரோடு காத்திருந்தான். தினமும் மாலையில் என் பாதத்தைக் கழுவி, எங்காவது கீறல் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பான். எனக்குத்தான் தெரியாதே, காயம் பட்டுப் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. சின்ன வயதில் செருப்பைக்கூட எடுத்து வைக்காத கழுதை அவன்.

"அன்னைக்கு நீ லைவ் போட்டியேடா, ஃபேஸ்புக்ல. அது எங்க?" என்று கேட்டேன். "வக்கீல் மிஸ் ஏதாச்சும் வீடியோ இருந்தா நல்லதுங்குது. அதுல மாடு வருதான்னு பாப்போம்."

டோர்ச் வெளிச்சம் என் பாதத்தை விட்டுச் சுவருக்குப் போனது.

"அது அழிஞ்சு போச்சுக்கா. போன் உடைஞ்சுச்சே, அதோட." பிறகு சொன்னான், "வழக்கெல்லாம் எதுக்குக்கா? மாதா ஒரு வழி காட்டுவா."

காட்டினாள். மறுநாள் பின்னேரம் றொட்னி அடுத்த யாத்திரைக்குக் கோயிலில் பெயர் எழுதப் போயிருந்தபோது, நிலூஷா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். வாய் திறந்தால் மூடாதவள், போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி, எங்கம்மா தோட்டத்துல சிக்னல் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல? ஒவ்வொரு யாத்திரையிலயும் அவரு லைவ் போட்டா நான் இங்க பாத்துக்கிட்டே போன்ல பதிஞ்சு வெச்சுருவேன். ஞாயித்துக்கிழம கொண்டுபோய்க் காட்டுவேன். அன்னைக்கும் பதிஞ்சேன். அந்த விடியக்காலையில நான் ஒருத்திதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அஞ்சு மாசமா வெச்சிருக்கியா?"

"திட்டுங்க மதினி, நல்லாத் திட்டுங்க. எட்டாந் திகதி அடுத்த ஆளுங்களக் கூட்டிட்டுப் போறாரு. திரும்பவும் லைவ் போடுவேன்னு சொல்றாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

போனைக் கையில் தந்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

திரையில் நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் ஜெபமாலை, ஒரு கை சீட்டுக் கம்பியில். குண்டாகத் தெரிந்தேன். பிறகு போன் அந்தப் பக்கம் திரும்பியது. றொட்னியின் குரல், சந்தோசமாக:

"டிரைவர் அண்ணே, இங்க பாருங்க. நம்ம கம்பளை ஆளுங்களுக்கு ஒரு கை காட்டுங்க!"

செல்லப்பா முகத்தை முழுசாகத் திருப்பினார், சிரித்தார், கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் வேனின் முன்கண்ணாடியில் ரோடு தெரிந்தது, லொறியின் பின்பக்கம் தெரிந்தது. மாடு இல்லை. மாட்டின் வால்கூட இல்லை.

சத்தம். இருட்டு. படம் போய்விட்டது, குரல் மட்டும் ஓடியது. யாரோ முனகினார்கள். பிறகு றொட்னி. "அக்கா. அக்கா, எந்திரிக்கா. அக்கா, என்னாலதான்கா. நான்தான்கா. மாதாவே, எங்கக்காவ எடுத்துறாத தாயே, என்னைய எடுத்துக்க." இதையே திரும்பத் திரும்ப, நான்கு நிமிஷம், தொண்டை கட்டி, மாடு மாதிரி கத்தினான். அதோடு நின்றுவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் போனை எறிந்திருப்பேன், நிலூஷாவின் போன் என்று விட்டேன். இல்லாத மாட்டுக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினேனே! ஊர் முன்னால் மைக்கைப் பிடித்து வாயில்லாச் சீவன் என்றேனே, அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தானே! அந்தக் கோபமும் அரை மணி நேரம்தான். பிறகு பழையபடி எல்லாம் மரத்துவிட்டது. இரவு அவன் பாதத்தைக் கழுவ வந்தபோது காலைக் கொடுத்தேன்.

காலையில் சொன்னேன். அவன் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

"அந்த லைவ் என்கிட்ட இருக்கு."

யார் தந்தது என்று அவன் கேட்கவில்லை. அடுப்படியில் நிலூஷாவின் பாத்திரச் சத்தம் நின்றது. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றான்.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன்."

"வக்கீல்கிட்ட குடுக்கப் போறியா?"

"ஆமா."

"நான் என்னா செய்யணும்?"

"ஆட்டோ பிடி" என்றேன்.

கண்டியில் இறங்கினோம். யசோதினியின் அறை வரை தோளில் தாங்கிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவன் வெளியே போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

அவள் வீடியோவை ஒரு முறை முழுவதும் பார்த்தாள்.

"டீச்சர், இது இருந்தா வழக்கு நிக்கும். நீங்க எழும்பி நின்னத வெச்சுக் கொஞ்சம் குறைப்பாங்க, ஆனா தள்ள முடியாது." கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "தம்பிய சும்மா விடமாட்டாங்க. டிரைவர திரும்ப வெச்சது இவர்தான்னு வேன்காரங்க இழுப்பாங்க. போலீசுக்குச் சொன்னது பொய்யின்னு வரும். இனி இவரு யாரையும் எங்கயும் கூட்டிட்டுப் போக முடியாது. தெரியும்தானே?"

"தெரியும். அவனுக்கும் தெரியும்."

"அப்ப சத்தியக் கடதாசி எழுதுவோம். ஒவ்வொரு குரலா நிறுத்துவேன். யாருடையதுன்னு நீங்க சொல்லணும், நான் எழுதுவேன்."

ஓட விட்டாள், நிறுத்தினாள்.

"இந்த ஜெபம் சொல்றது?"

"நான்."

"'கை காட்டுங்க'ன்னு சொல்றது?"

"என் தம்பி. றொட்னி."

எழுதினாள். மோதல் சத்தம் வந்தது. அங்கே நிறுத்தினாள்.

"வழக்குக்கு இது போதும் டீச்சர். வீடியோவ முழுசாத்தான் குடுக்கணும், ஆனா எழுத்துல மிச்சத்த 'அழுகுரல்'னு மட்டும் போட்டுர்றேன்."

"யாரு அழுறதுன்னு போட மாட்டீங்களா?"

"அவசியமில்ல."

"போடுங்க" என்றேன். "அவன் செஞ்சதுக்குப் பேர் போட்டீங்கல்ல, இதுக்கும் போடுங்க."

ஓட விட்டாள். அக்கா, எந்திரிக்கா. அக்கா. நிறுத்தினாள்.

"இந்தக் குரல்?"

வாயைத் திறந்தேன். தம்பி என்ற ஒரு சொல்தான், அது வரவில்லை. ஐந்து மாதம் எங்கே கிடந்ததோ, அடிவயிற்றிலிருந்து அழுகை ஒன்று கிளம்பி வந்தது. வெட்கமில்லாமல், அந்தச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதேன். யசோதினி தண்ணீர்ப் போத்தலைத் தேடினாள்.

கதவு படாரென்று திறந்தது. றொட்னி வாசலில் நின்றான்.

"அக்கா? என்னாக்கா?"

"இந்தக் குரல்தான் மிஸ்" என்றேன். "எழுதிக்குங்க."